கை எட்டிய உயரம்

ஜனவரி 19, ஞாயிறு

இன்று மனையில் கல் வந்து இறங்கியது. கல் என்று நான் சொல்கிறேன். அப்பா சாம்பல் என்கிறார். இரண்டும் சரிதான். அனல் மின் நிலையத்தில் நிலக்கரி எரிந்து மிஞ்சிய சாம்பலும், இரும்பு உருக்கும்போது ஒதுங்கும் கசடை அரைத்த பொடியும் சேர்ந்தது. சிமெண்ட் ஒரு பிடிகூடக் கிடையாது.

கல்லைச் செய்கிற ஜமீலா லாரியின் முன்னிருக்கையில் உட்கார்ந்து வந்தாள். அவள் கணவர் இஸ்ஹாக் ஓட்டினார். பல வருடமாக மேட்டூரிலிருந்து சிமெண்ட் ஆலைகளுக்குச் சாம்பல் ஏற்றிப் போகிறவர். "நான் பாட்டுக்குக் கொண்டுபோய்க் கொட்டிக்கிட்டிருந்தேங்க. இவ பாதி வழியில இறக்கச் சொல்லிட்டா" என்றார். ஜமீலாவுக்கு அது காதில் விழவில்லை. இறக்குகிறவர்களின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கல் கீழே விழுந்து மூலை உடைந்தபோது யாரையும் திட்டவில்லை. துண்டை எடுத்து, உடைந்த முகத்தை வெயிலுக்குத் திருப்பிக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

இவளை எனக்கு மின்வாரிய அலுவலகத்தில்தான் பழக்கம். போன ஆடியில் தன் ஷெட்டுக்கு மும்முனை இணைப்பு கேட்டு வந்தாள். என்ன தொழில் என்று கேட்டதற்குத் துணிப்பையிலிருந்து ஒரு கல்லை எடுத்து என் மேஜைமேல் வைத்தாள். சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் சுட்டால்தான் சிமெண்ட் என்றும், சுடும்போது கல்லுக்குள் இருக்கிற கரியமில வாயு வெளியே போகிறது, அடுப்புப் புகை அதற்கு மேல் என்றும் சொன்னாள். "சாம்பல் ஏற்கெனவே வெந்ததுக்கா. காரக் கரைசல் ஊத்தினா அதுவே இறுகிக்கும். எதுக்கு இன்னொண்ணைப் போட்டு வேக வைக்கணும்?" வரிசையில் பின்னால் நின்றவர் உச்சுக் கொட்டினார். அவளுக்கு இணைப்பு கிடைத்தது. கல்லை நான் திருப்பிக் கொடுக்கவில்லை. என் மேஜையில் காகிதம் பறக்காமல் பார்த்துக்கொள்கிறது.

நாற்பத்தாறு வயதில், கல்யாணமாகாத ஒருத்தி தன் பெயரில் வீடு கட்டுகிறாள். அதையும் ஊரில் யாரும் கட்டாத கல்லில் கட்டுகிறாள். இரண்டில் எதை முதலில் பேசுவது என்று தெருவுக்குக் குழப்பம்.

ஜனவரி 20, திங்கள்

கல் வந்ததை அப்பாவிடம் சொன்னேன். "சாம்பலைக் கரைக்கிறதுதான் முறை கண்ணு. கட்டுறதில்ல" என்றார்.

அம்மாவைப் பவானிக் கூடுதுறையில் கரைத்து இரண்டு வருடம் ஆகிறது. அவர் துண்டை வாங்கிக் கொடியில் போட்டேன். சர்க்கரை கூடியதிலிருந்து அவருக்கு இரண்டு தோளும் இறுகிப்போய், கை மார்புக்கு மேலே போவதில்லை. சட்டை மாட்டவும் நான் வேண்டும். மனைக்கு வரமாட்டேன் என்று அடிக்கல் போட்ட அன்றே சொல்லிவிட்டார். சொன்னால் சொன்னதுதான், பொதுப்பணித்துறையில் வொர்க் இன்ஸ்பெக்டராக இருந்தவர்.

பிப்ரவரி 2, ஞாயிறு

சுவர் தொடங்கியாயிற்று. அஸ்திவாரமும் அதன் மேல் சுற்றி ஓடும் பெல்ட்டும் சிமெண்ட் கான்கிரீட்தான். அதற்கு மேல் ஜமீலாவின் கல். ஒட்டும் குழம்பும் அதே சாம்பல், அதே கரைசல். கரைசலை நேற்றே கலக்கி மூடி வைத்திருந்தாள். கலக்கிய புதிதில் டிரம் அடுப்புபோல் சுடும் என்பதால் ஒரு நாள் ஆற விட வேண்டுமாம்.

மேஸ்திரி மாதையன் வழக்கம்போல வெறும் கையை விட்டுக் குழம்பைப் பதம் பார்க்கப் போனார். ஜமீலா அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

"அண்ணே, இது சுண்ணாம்பு இல்ல. தோல் வெந்துரும். இந்தாங்க."

கையுறையையும் கண்ணாடியையும் மாட்டிக்கொண்டு மாதையன் தன் ஆட்களைப் பார்த்தார். "யாருக்குடா முதல்ல ஆபரேசன்?"

கடைசியாக அவள் சொன்னதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை. இந்தச் சுவருக்குத் தண்ணீர் விடக் கூடாது. தானே இறுகும், ஈரம் பட்டால் உள்ளே இருக்கிற காரம் கரைந்து வெளியே வந்துவிடும். டிரம்மில் பிடித்து வைத்திருக்கிற தண்ணீர் அஸ்திவாரத்துக்கும் ஆட்களுக்கும் மட்டும்.

"தண்ணி காட்டாம சுவரா? மாட்டுக்கே நேரத்துக்குத் தண்ணி காட்டுறோம்" என்றார் மாதையன்.

"காட்டவே காட்டாதீங்கண்ணே. அது குடிக்காது."

பிப்ரவரி 4, செவ்வாய்

ராத்திரிச் சாப்பாட்டில், சுவருக்குத் தண்ணீர் விட வேண்டியதில்லையாம் என்று அப்பாவிடம் பெருமையாகச் சொன்னேன். கையிலிருந்த இட்லியைத் தட்டில் வைத்துவிட்டார்.

"ஒரு கட்டடம் நின்னுதுன்னா அது தண்ணியால நின்னது. காலையும் சாயங்காலமும். சுவர்மேல அடிக்கக் கூடாது, மேலேர்ந்து வழிய விடணும். அது தெரியாதவன்கிட்ட நான் கையெழுத்தே போட்டதில்ல."

"இது வேற மாதிரிப்பா."

"என்கிட்ட கேக்காதே. நான் அங்க வரப் போறதில்ல."

பிப்ரவரி 7, வெள்ளி

அப்பா விடியற்காலை நடக்கப் போக ஆரம்பித்திருக்கிறார். டாக்டர் சொன்னபோது காதில் வாங்காதவர். நல்ல விஷயம்.

பிப்ரவரி 9, ஞாயிறு

குளியலறைக் குவளையைக் காணோம். சந்தையில் புதிதாக நீல நிறத்தில் ஒன்று வாங்கினேன். கூடவே ஒரு சீப்பு பழம், ஊதுபத்தி, அப்பாவுக்குக் கால் வெடிப்பு மருந்து. அவர் செருப்பில் சாம்பல் நிறச் சேறு காய்ந்திருந்தது, கழுவி வைத்தேன்.

மனையில், முந்தின நாள் நிரப்பிய தண்ணீர் டிரம் காலையில் பாதிதான் இருக்கிறது என்று மாதையன் குறைப்பட்டுக்கொண்டார். ஆடுகள் என்கிறார். பக்கத்து மனையில் ஆடுகள் நிறைய.

மத்தியானம் ஜமீலாவோடு மணல்மேட்டில் உட்கார்ந்து சாப்பிட்டேன். சுவர் ஜன்னல் உயரத்துக்கு வந்துவிட்டது. கல்லூரி ஆய்வகத்தில் உதவியாளராக இருந்தபோது, மாணவர்கள் சோதனைக்குக் கொண்டுவருகிற கட்டிகளை இயந்திரத்தில் வைத்து உடைப்பதுதான் அவள் வேலையாம். எதையெல்லாம் உடைக்கக் கஷ்டமாக இருந்ததோ அதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டாளாம். தானாகச் செய்த முதல் கற்கள் விரிசல் விட்டன. அடுத்தவை மார்கழிக் குளிரில் பத்து நாளாகியும் மெழுகுபோல் கிடந்தன. இஸ்ஹாக் அவற்றை இரண்டு நடையாகக் கொண்டுபோய்ப் பள்ளத்தில் கொட்டிவிட்டு வந்து, ஒரு வார்த்தை பேசாமல் டீ போட்டுக் கொடுத்தாராம். இதையெல்லாம் அடுத்த வீட்டு விஷயம்போலச் சொன்னாள்.

"அப்ப இதுல குறையே இல்லையா?" என்று கேட்டேன்.

"இருக்கேக்கா. கரைசலுக்கு வேணும்கிற காஸ்டிக் சோடா செய்யறதுக்குக் கரண்ட் நிறைய செலவாகுது. அதையும் கூட்டிப் பார்த்தாலும் சிமெண்டைவிடக் குறைச்சல்தான். ஆனா சொல்லிடணும். மறைச்சு வித்துட்டா நாளைக்கு இன்னொருத்தர் வந்து சொல்லுவாங்க."

நான் தினமும் நூறு விண்ணப்பங்களைப் படிக்கிறவள். தன் பொருளின் குறையைக் கேட்டவுடன் சொன்ன ஆளை இதுவரை பார்த்ததில்லை.

பிறகு உண்மையான விஷயத்துக்கு வந்தாள். ஓமலூர்ப் பக்கம் ஓர் அறக்கட்டளை மாணவியர் விடுதி கட்டப்போகிறது. அவர்களுடைய இன்ஜினியருக்கு ஆய்வக முடிவு போதவில்லை, நிற்கிற சுவரைப் பார்க்க வேண்டுமாம். இருபத்திரண்டாம் தேதி இங்கே வருகிறார்.

"எல்லாரும் கல்லைத் தூக்கிப் பார்த்துட்டு, 'இதுல யாராவது கட்டியிருக்காங்களா'ன்னு கேக்கறாங்க. இப்பத்தான் ஒருத்தர் கட்டறாங்க. இந்த விடுதி கிடைச்சாத்தான் ஷெட்டைத் தொடர்ந்து நடத்த முடியும். இல்லேன்னா மெஷினை வித்துட்டு மறுபடி கட்டி உடைக்கிற வேலைக்கே போகணும்." கையைக் கழுவிக்கொண்டே சொன்னாள். கழுவிய தண்ணீர் சுவர்ப்பக்கம் போகாமல் தள்ளி ஊற்றினாள்.

பிப்ரவரி 12, புதன்

அலுவலகத்தில் ஆய்வு. எழுத ஒன்றுமில்லை.

பிப்ரவரி 14, வெள்ளி

அலுவலகம் முடிந்து மனைக்குப் போனால் மாதையன் வாசலிலேயே நின்றார். "சுவருக்குத் தேமல் விழுந்திருக்குங்க" என்றார்.

விளையாட்டாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். கிட்டப் போய்ப் பார்த்தால் சாம்பல் நிறச் சுவர் முழுக்க வெள்ளை பூத்திருக்கிறது. தொட்டால் விரலில் மாவுபோல ஒட்டுகிறது. வீட்டைச் சுற்றி நாலு பக்கமும். அதற்குள் தெருவில் பார்த்துவிட்டார்கள். எதிர்வீட்டு அம்மாள், "சாம்பல் வெளிய வருதாட்டம் இருக்கு" என்று என்னிடமே சொன்னார்.

பூமி உப்பு ஏறியிருக்கிறது என்கிறார் மாதையன். இருக்கலாம். ஆனால் உப்பு ஏறினால் அடியில் அதிகமும் மேலே குறைவுமாக இருக்கும். இது மேலிருந்து கீழே ஒழுகியதுபோல இருக்கிறது. ஓர் உயரத்தில் தொடங்குகிறது, அதற்கு மேலே சுவர் சுத்தமாக இருக்கிறது. வெளிப்பக்கம் என் தோள் உயரத்தில் தொடங்குகிறது. உள்ளே தரை உயரம் என்பதால் உள்பக்கச் சுவரில் இன்னும் இரண்டு வரிசை மேலே தொடங்குகிறது.

மண்ணுக்கு மண் வேறுபடும். நாளைக்கு இட்லிக்கு ஊறப்போட வேண்டும்.

பிப்ரவரி 15, சனி

ஜமீலா வந்தாள். வெள்ளையை விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தாள். பிறகு, "எலுமிச்சம்பழம் கிடைக்குமாக்கா?" என்றாள். டீக்கடையிலிருந்து வாங்கி வந்தேன். வெள்ளையைச் சுரண்டி ஒரு கல்மேல் வைத்து, இரண்டு சொட்டுப் பிழிந்தாள். சோடாபோலப் பொங்கியது.

"பூமி உப்பு பொங்காது. இது நம்ம காரம், வெளிய வந்து காத்துல மாறியிருக்கு. யாரோ தண்ணி விடறாங்க. ஒரு நாள் இல்ல, தினமும்."

மாதையன் தன் குலதெய்வத்தின்மேல் சத்தியம் செய்தார். அவருடைய ஆட்களும் செய்தார்கள். நாளைக்கு வெளிச்சம் வருவதற்குள் வந்து பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள் ஜமீலா. நானும் வரட்டுமா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

பிப்ரவரி 16, ஞாயிறு

ஒன்பது மணிக்குப் போனேன். ஜமீலா மணல்மேட்டில் உட்கார்ந்திருந்தாள். என் முகத்தைப் பார்க்காமல் பேசினாள்.

"என் தப்புதாங்க்கா. இந்தத் தடவை கரைசல் கொஞ்சம் கூடிப்போச்சு. வெள்ளை பட்டதையெல்லாம் பிரிச்சு வேற கல் வச்சுத் தர்றேன். செலவு என்னோடது."

"நேத்து தண்ணின்னு சொன்னியே?"

"அவசரப்பட்டுச் சொல்லிட்டேன்."

"யாராச்சும் வந்தாங்களா காலைல?"

"யாரும் வரல. ஓமலூர்க்காரர்கிட்டயும் இப்ப வர வேண்டாம்னு சொல்லிடறேன்."

முதல் முறையாக அவள்மேல் எனக்கு வருத்தம். தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற பெண் என்று நினைத்திருந்தேன். இப்படித் தடுமாறுகிறவளை நம்பியா வீட்டைக் கொடுத்தேன் என்று வண்டி ஓட்டும்போதெல்லாம் தோன்றிக்கொண்டிருந்தது.

அப்பா இன்று உற்சாகமாக இருக்கிறார். இன்னொரு தோசை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

பிப்ரவரி 17, திங்கள்

இன்று சாப்பிடும்போது அப்பா தானாகப் பேச்செடுத்தார்.

"அந்தப் பொண்ணு தேவலாம்."

"எந்தப் பொண்ணு?"

"கல்லுக்காரப் பொண்ணு. நேத்து இருட்டோட வந்து நின்னுச்சு. என் கையிலேர்ந்து குவளையை வாங்கிக்கிட்டு, 'நீங்க உக்காருங்கய்யா, நான் பாத்துக்கறேன்'னு சொல்லுச்சு. ஊத்துச்சாங்கறே? இல்ல. பேச்சுக் குடுத்துக்கிட்டே இருந்துச்சு. எந்தெந்தக் கட்டடத்துல இருந்தீங்க, எந்த மதகுன்னு ஒவ்வொண்ணாக் கேட்டுச்சு. பூலாம்பட்டி மதகுக்கு நாங்க சாக்கு நனைச்சுப் போட்டதைச் சொன்னேன். அப்பிடி உக்காந்து கேட்டுச்சு."

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவருக்குத் தெரிந்தது. தட்டைப் பார்த்துக்கொண்டார்.

"நீயும் ஊத்த மாட்டேங்கறே. அதுக்கும் தெரியல. நாளைக்கு விரிசல் விட்டா ஊரு யாரைச் சொல்லும்? அர்த்தநாரி மகளைத்தானே சொல்லும்? நான் உள்ள வரலேன்னாலும் சுவர் நிக்கணுமில்ல."

குவளை. செருப்புச் சேறு. இரண்டு தோள்கள். எல்லாமே இந்தப் பக்கங்களில் என் கையெழுத்தில்தான் இருக்கின்றன. நான் பார்க்காமல் இல்லை.

பிப்ரவரி 18, செவ்வாய்

அலுவலகத்திலிருந்து ஜமீலாவுக்குப் போன் செய்தேன். "ஏன் பொய் சொன்னே?" என்றேன்.

மெஷின் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதை நிறுத்திவிட்டு வந்தாள்.

"சுவர்ல ஒரு துளி தெறிக்காம, அணைச்ச மாதிரி வழிய விட்டுக்கிட்டிருந்தாருக்கா. கை மேலே போகலேன்னு குவளையை நெஞ்சோட சேத்துப் பிடிச்சிருந்தார். இதனாலதான் கெட்டுப்போச்சுன்னு அவர்கிட்ட எப்படிச் சொல்றது? எங்க அத்தா சாகற வரைக்கும் என் ஷெட்டு வாசலை மிதிக்கல. உங்கப்பா வரமாட்டேன்னு சொல்லிட்டாவது வந்தாரே."

"ஷெட்டு போயிருமே?"

"கல்லு போகலக்கா. தண்ணி பட்ட ரெண்டு கல்லை எடுத்துட்டு வந்து உடைச்சுப் பாத்துட்டேன். பலம் கொஞ்சம் குறைஞ்சிருக்கு, ஆனா உங்க வீட்டுக்கு வேணும்கறதுக்கு மேலயே இருக்கு. வெளித்தோல் மட்டும்தான் கெட்டுச்சு. அது எனக்குத் தெரிஞ்சா போதும்."

போதாது என்று எனக்குத் தோன்றியது. விடுதி இன்ஜினியர் தயாளனின் எண்ணை அவளிடம் வாங்கினேன். வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டேதான் கொடுத்தாள். சனிக்கிழமை திட்டப்படியே வாருங்கள், வீடு கட்டுகிறவளே அழைக்கிறேன் என்று அவரிடம் சொன்னேன்.

இந்தப் பெண் தன் கல்லை நிரூபிக்க எத்தனை வருடம் பாடுபட்டாள். அறிமுகமில்லாத ஒரு கிழவரின் முகம் வாடக் கூடாது என்று அதை ஒரே காலையில் விட்டுக்கொடுத்திருக்கிறாள். நானாக இருந்தால் செய்திருப்பேனா என்று எழுதிப் பார்க்கிறேன். செய்திருக்க மாட்டேன்.

பிப்ரவரி 20, வியாழன்

அரை நாள் விடுப்பு. அப்பாவை ஸ்கூட்டரில் உட்காரவைத்து மனைக்குக் கூட்டிப்போனேன். எதற்கு என்று கேட்கவில்லை. வழியில் ஓர் எலுமிச்சம்பழம் வாங்கினேன்.

ஜமீலா செய்ததுபோலவே சுரண்டி, பிழிந்து காட்டினேன். பொங்கியது. எதனால் என்றும், சனிக்கிழமை விடுதி இன்ஜினியர் வருகிறார் என்றும் சொன்னேன். அவர் குனிந்து நுரை அடங்கும்வரை பார்த்தார். தானே இன்னொரு இடத்தில், வெள்ளைக்கு மேலே சுத்தமாக இருந்த கல்லில் நகத்தால் சுரண்டப் பார்த்தார். அங்கே அவர் கை சரியாகப் போகவில்லை. நான் சுரண்டி, பிழிந்தேன். பொங்கவில்லை.

"எவ்வளவு கெட்டுப்போச்சு?"

"மேல்தோல் மட்டும்தானாம். நிக்கும்."

"நான்னு தெரிஞ்சே அந்தப் பொண்ணு தன் தப்புன்னு சொல்லுச்சா?"

"ஆமாம்பா."

வண்டியில் திரும்பினோம். என் தோளைப் பிடித்திருந்த கை மட்டும் ஸ்பீட் பிரேக்கர் இல்லாத இடத்திலும் இறுகியது.

பிப்ரவரி 22, சனி

தயாளன் பத்தரைக்கு வந்தார். என் வயதுதான் இருக்கும். காரிலிருந்து இறங்கியதும் வெள்ளையைத்தான் பார்த்தார். "இது என்னங்க?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் ஜமீலா முந்திக்கொண்டாள். "சார், கலவைல ஒரு சின்ன…"

வாசலில் ஆட்டோ நின்றது. அப்பா இறங்கினார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. யார் மாட்டிவிட்டார்கள் என்று தெரியவில்லை. இடது கைப் பொத்தான் போடாமல் இருந்தது. நேராகச் சுவரிடம் போய், முதுகைச் சாய்த்து நின்றார். இரண்டு கைகளையும் முன்னால் நீட்டித் தூக்கினார். மார்புக்கு வந்ததும் நின்றுவிட்டன. முகம் வலியில் சுருங்கியது. இறக்கவில்லை.

"இந்தக் கை இவ்வளவுதான் போகும். வெள்ளை எங்க ஆரம்பிக்குதுன்னு பாருங்க."

தயாளன் பார்த்தார். நாங்கள் எல்லோரும் பார்த்தோம். ஒரு கல் வரிசைகூட வித்தியாசமில்லை.

"தண்ணி விடாத கான்ட்ராக்டருக்கெல்லாம் பில்லை நிறுத்தி வச்சவன் நான். விடக் கூடாதுன்னு சொன்ன இடத்துல கொண்டுபோய் விட்டிருக்கேன். இதுக்குக் கீழ இருக்கறது என் சுவர். மேல இருக்கறதுதான் இந்தப் பொண்ணோட சுவர். நீங்க வாங்கப்போறது அதை. அதைப் பாருங்க."

மாதையன் ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டார். தயாளன் ஏறி, மேல் வரிசைகளைச் சாவியால் கீறினார், தட்டினார். பிறகு இறங்கிக் கீழ் வரிசைகளையும் அதேபோல் தட்டினார். ஜமீலா உடைத்துப் பார்த்த, நனைந்த, நனையாத இரண்டு வகைக் கற்களின் பலத்துக்கான எண்களையும் கேட்டார். நனைந்ததன் எண் குறைவாக இருப்பதை அவள் மறைக்கவில்லை.

"பத்து நாள் தப்பா நடந்தும் இவ்வளவு தாங்குதா?" என்றார்.

"தாங்குது சார். ஆனா தயவுசெஞ்சு இன்னொரு தடவை சோதிக்க வேண்டாம்" என்றாள் ஜமீலா.

அப்பாதான் முதலில் சிரித்தார்.

முடிவு இது. விடுதி முழுவதும் இல்லை. முதலில் சமையலறையும் சாப்பாட்டுக் கூடமும் அவள் கல்லில். ஒரு மழைக்காலம் பார்த்துவிட்டு மீதி. ஜமீலா பெரிதாக எதுவும் காட்டிக்கொள்ளவில்லை. கார் போன பிறகு உள்ளறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள். வந்ததும் மாதையனிடம் காய்ந்த தென்னந்துடைப்பம் கேட்டாள். வெள்ளையைத் தட்டிவிட வேண்டுமாம், தண்ணீர் தொடாமல்.

"தேமலுக்கு மருந்து துடைப்பம்தானா?" என்றார் மாதையன்.

மார்ச் 23, ஞாயிறு

நேற்று மேல்தளம் போட்டோம். அது சிமெண்ட் கான்கிரீட். தளத்துக்குத் தன் கலவை இன்னும் தயாரில்லை என்று ஜமீலா முதலிலேயே சொல்லிவிட்டாள். அவளே நேற்று அப்பாவைத் தேடி வீட்டுக்கு வந்தாள். "ஐயா, இதுக்குத் தண்ணி விடணும். எனக்கு அந்த வேலை பழக்கமில்ல" என்றாள்.

இன்று விடிந்து நான் போனபோது, மாதையன் போட்டுக் கொடுத்த பலகைச் சரிவில் ஏறி அப்பா மேலே இருந்தார். தளம் முழுக்கக் களிமண்ணால் சின்னச் சின்னப் பாத்தி கட்டியாயிற்று. ஓரத்தில் மட்டும் வரப்பை இரட்டையாகப் போட்டிருந்தார்.

கீழே நின்று ஜமீலா கேட்டாள். "ஐயா, என் சுவர்ல வழியாதுல்ல?"

"ஒரு சொட்டு வந்தா என் பில்லை நிறுத்தும்மா."

பிறகு என்னைப் பார்த்து, வெயில் ஏறுவதற்குள் எல்லாப் பாத்தியும் நிரம்ப வேண்டும், ஒரு குவளை போதாது என்றார். காணாமல் போன பழைய குவளை அவர் கையில் இருந்தது. வீட்டுக்குப் போய் நீலக் குவளையை எடுத்து வந்து, நானும் மேலே ஏறினேன்.